மான் மேயாத கொள்ளு

பயிரை மான் மேய்ந்துவிட்டதே என்று வயிற்றில் அடித்துக்கொள்கிறவர்களை மலையோரத்தில் எந்த ஊரிலும் பார்க்கலாம். மேயவில்லையே என்று வயிறெரிந்தவர் எனக்குத் தெரிந்து நாச்சிமுத்து ஒருவர்தான்.

அவர் குடியானவர். ஐம்பதைத் தாண்டியவர். பூமியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, மனசு அடங்க வேண்டும் என்று சாமியம்மாவிடம் வந்து சேர்ந்திருந்தார். சாமியம்மாவுக்கு அவரைவிட வயது குறைவு. வனம் முடிந்து ஊரின் கடலைக்காடுகள் தொடங்கும் இடத்தில் ஓலைக் கொட்டகை போட்டு இருந்தார். உபதேசம் என்று பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டார். கேட்டால் பதில் சொல்வார். பல சமயம் அதுவும் சொல்ல மாட்டார்.

போன தைக்குப் பிறகு இன்னொரு சீடன் வந்தான். பெயர் சென்னிமலை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவன். மனைவி தவறிப்போன பிறகு மெஷின் முன்னால் உட்கார முடியவில்லை என்று கிளம்பி வந்துவிட்டான். மம்பட்டியை எப்படிப் பிடிப்பது என்று அவனுக்கு நாச்சிமுத்துதான் சொல்லிக் கொடுத்தார். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

சாமியம்மா நாச்சிமுத்துவை "அண்ணா" என்பார், "வாங்க, போங்க" என்பார். சென்னிமலையை "வாப்பா, போப்பா" என்பார். முதலில் நாச்சிமுத்துவுக்கு இதில் பெருமை. கொஞ்ச நாளில் அதுவே உறுத்த ஆரம்பித்தது. மரியாதை தனக்கு, ஒட்டுதல் அவனுக்கு என்று பட்டது.

ஆனி மாதக் கடைசியில் ஊர்த்தலைவர் ராக்கியப்பன் கொட்டகைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சாமியம்மா, இந்த வருசம் கம்பி கட்டறதா முடிவு பண்ணிட்டோமுங்க."

"கரண்டுக் கம்பியா?"

"ஆமாங்க. தப்புன்னு தெரியுமுங்க. போன வருசம் மான் எறங்கிப் பாதிக் கடலைய மேஞ்சுட்டுப் போயிருச்சு. எங்களுக்கும் வயிறு இருக்குதில்லீங்க."

"இருக்குது. மானுக்கும் இருக்குது."

"அதுக்கு நாங்க என்னங்க பண்றது?"

"மேல புல்லு காஞ்சு கெடக்குது. அதனால எறங்குது. கொட்டகைக்குப் பின்னாடி இருக்கற மேட்டுல அதுகளுக்குன்னு தனியா விதைக்கறோம். கடலை புடுங்கற வரைக்கும் பொறுத்துக்குங்க."

"அதையும் தாண்டி எறங்குச்சுன்னா?"

"அப்புறம் உங்க இஷ்டம்."

ராக்கியப்பன் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். கல்லும் உண்ணிச்செடியும் வேலமுள்ளுமாகக் கிடந்தது.

"டிராக்டர் ஏறாதுங்களே அங்க."

"ஏற வேண்டாம்."

"ஏர் புடிக்க மாடும் இல்லீங்களே."

"அதும் வேண்டாம்" என்றார் சாமியம்மா.

மறுநாள் அவர் செம்மறிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு மேட்டில் கிடை போடச் சொன்னார். ஆடுகள் பகலில் அங்கே மேய்ந்து, ராத்திரி அங்கேயே அடைந்தன. களையெல்லாம் தரையோடு போயிற்று. குளம்பு பட்ட இடமெல்லாம் மண் பொலபொலவென்று ஆனது. புழுக்கை வேறு. உழவும் எருவும் ஒரே கையில் முடிந்த மாதிரி. கிடை கிளம்பியபோது, ஆடு கடிக்காத உண்ணிச்செடியும் முள்ளும் மட்டும் அங்கங்கே நின்றன.

மேட்டின் நடுவில் ஒற்றையடித் தடம் ஒன்று போகும். சாமியம்மா அதில் நின்றுகொண்டு கையை நீட்டினார்.

"கிழக்கால இருக்கறது அண்ணாவுக்கு. மேக்கால இருக்கறது உனக்குப்பா. கொள்ளும் தட்டைப்பயறும் வாங்கி வெச்சிருக்கறேன். மழைக்கு முன்னாடி போட்டுருங்க."

போட்டி என்று அவர் சொல்லவில்லை. நாச்சிமுத்துவின் காதில் மட்டும் அப்படித்தான் விழுந்தது. இத்தனை வருஷம் கண்ணை மூடி உட்காரச் சொன்னபோதெல்லாம் அவருக்குக் கால்தான் மரத்தது. இப்போதுதான் அவருக்குத் தெரிந்த வேலை வந்திருக்கிறது. மான் தன் பாதியில்தான் வந்து மேய வேண்டும், அதை சாமியம்மா பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார்.

விடிந்தும் விடியாமல் இறங்கினார். அரிவாளால் புதரை அறுத்து, வேரை மம்பட்டியால் கெல்லி எடுத்தார். கல்லைப் பொறுக்கி ஓரத்தில் வரப்பு மாதிரி அடுக்கினார். களைக்கொத்தால் மண்ணைக் கீறினார். விதையோடு மணலைக் கலந்து, கை வீச்சு மாறாமல் விதைத்தார். ஒரு வேலமுள் கொப்பை வெட்டி, அதன்மேல் கனத்துக்கு ஒரு கல்லைக் கட்டி, கயிறு போட்டு மேலும் கீழும் இழுத்தார். முள் கீறிக்கொண்டு போக, விதை மண்ணுக்குள் போயிற்று. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவருடைய பாதி, அப்போதுதான் சாணி போட்டு வழித்த வாசல் மாதிரி இருந்தது. ஒரு துரும்பு இல்லை.

மேற்குப் பக்கம் சென்னிமலை கையெல்லாம் கொப்புளமாக நின்றான். இரண்டு புதரை வெட்டுவதற்குள் அரிவாள் அவன் காலைப் பதம் பார்த்துவிட்டது. மீதிப் புதரை அப்படியே விட்டுவிட்டான். இடைவெளி தெரிந்த இடத்தில் கீறினான். விதையை அள்ளி வீசினான். ஒரு இடத்தில் கும்பலாக விழுந்தது, ஒரு இடத்தில் விழவே இல்லை. முள் இழுக்கிறேன் என்று இழுத்ததில் பாதி விதை முள்ளோடு போய் ஓரத்தில் சேர்ந்தது.

"என்னப்பா இது, கோழி கெளறி வெச்ச மாதிரி?" என்றார் நாச்சிமுத்து.

"எனக்கு வந்தது இவ்வளவுதானுங்கண்ணா" என்று சிரித்தான் அவன்.

அந்தச் சிரிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆடி மழை பெய்தது. கிழக்குப் பாதி பாய் விரித்தாற்போல முளைத்தது. மேற்குப் பாதி சொட்டை விழுந்த தலை மாதிரி அங்கங்கே முளைத்தது. சாமியம்மா ஒரு காலையில் பார்க்க வந்தார். நாச்சிமுத்துவின் ஓரத்தில் நின்றார். ஈரத்தில் கொள்ளிலைகள் பளபளத்தன.

"ம்" என்றார்.

அப்புறம் தடத்தைத் தாண்டிப் போனார். புதருக்குப் புதர் குனிந்து பார்த்தார்.

"பரவாயில்லையேப்பா! மொளைச்சுருச்சே!"

நாச்சிமுத்துவுக்கு அன்று கஞ்சி இறங்கவில்லை. பரவாயில்லை என்ற சொல்லை சாமியம்மா தனக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தார். கொட்டகைக்கு ஓலை மாற்றியபோது? இல்லை. கிணறு தூர் வாரியபோது? அப்போதும் ஒரு "ம்"தான். ஒழுங்காகச் செய்கிறவனுக்கு ஒரு "ம்". ஒன்றும் தெரியாதவனுக்குப் பாராட்டு. என்ன நியாயம் இது என்று குமுறினார்.

ஆவணி பிறந்ததும் மான் வந்தது. சென்னிமலைதான் முதலில் பார்த்துவிட்டு ஓடி வந்தான்.

"அண்ணா! அண்ணா! நம்ம கொள்ளைத் தின்னுட்டுப் போயிருக்குதுங்கண்ணா!"

நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மேற்குப் பாதியில் புதரோரமாகக் கொழுந்தெல்லாம் கிள்ளினது மாதிரி போயிருந்தது. மண்ணில் குளம்படி. முயல் புழுக்கைகூடக் கிடந்தது. தன் பாதிக்குப் போய்ப் பார்த்தார். ஒரு இலை குறையவில்லை.

"சந்தோசம்" என்றார்.

அதற்கப்புறம் தினமும் இதே கதைதான். காலையில் அவன் சந்தோஷமாக ஓடி வருவான். இவர் சந்தோசம் என்பார். பிறகு தன் கொள்ளுக்கு நடுவில் போய் நின்று இலை இலையாகப் பார்ப்பார். கொள்ளு கொடி வீசியது. தட்டைப்பயறு தழைத்துக் கிடந்தது. வேறு எந்த ஊராக இருந்தாலும் வருகிறவன் போகிறவனெல்லாம் கண் போட்டுவிட்டுப் போயிருப்பான். இங்கே அவர்தான் அடுத்தவனுடைய கடிபட்ட செடியைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் மேற்குப் பாதியில் ஒரு கொழுந்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்று பார்த்தார். பிறகு தன்னுடையதில் ஒன்று. இரண்டும் ஒரே ருசி. அது அவரை இன்னும் எரிச்சலாக்கியது.

எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தாலாவது வழி பண்ணலாம் என்று, தன் பாதியின் மூலையில் நின்ற வேம்பில் ஒரு பரண் கட்டினார். மூங்கிலும் கயிறும் அவர் கைக்குப் பழகினவை. வாலிபத்தில் அவர் ஊருக்கே பயிர்க்காவல் இருந்தவர். பொழுது சாய்ந்ததும் ஏறி உட்கார்ந்துகொள்வார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, வரட்டும், வரட்டும் என்று வனத்தைப் பார்ப்பார். அவ்வப்போது தொண்டையைச் செருமிக்கொள்வார். மேற்குப் பக்கம் புதருக்குள் சலசலப்புக் கேட்கும். இந்தப் பக்கம் ஒன்றும் வராது.

பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம் சாமியம்மாவிடம் போய் நின்றார்.

"ஏனுங்கம்மா, என்னோடதுல என்னங்க கொறை?"

"சாப்பிட்டீங்களா அண்ணா?"

"அதைக் கேக்கலீங்க நானு."

"உக்காருங்க."

சாமியம்மா தட்டில் களியை வைத்து, நடுவில் குழி செய்து, கீரைக் குழம்பை ஊற்றினார். வழக்கமாகப் பரிமாறிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார். அன்றைக்கு எதிரிலேயே உட்கார்ந்தார். முழங்கால் இடிக்கிற தூரம். நாச்சிமுத்து ஒரு உருண்டை எடுத்தார். சாமியம்மா அந்தக் கையைப் பார்த்தார். வாய்க்குக் கொண்டுபோனார். சாமியம்மா வாயைப் பார்த்தார். விழுங்கினார். சாமியம்மா தொண்டையைப் பார்த்தார்.

இரண்டாவது உருண்டை பாதியில் நின்றுவிட்டது.

"சாப்பிடுங்கண்ணா."

"சாப்பிடறனுங்க."

சாமியம்மா இன்னும் கொஞ்சம் குனிந்து, கண் கொட்டாமல் பார்த்தார்.

"இப்படி வாயவே பாத்துட்டு இருந்தா எப்படிங்கம்மா எறங்கும்?" நாச்சிமுத்து தட்டை நகர்த்திவிட்டார்.

சாமியம்மா எழுந்து போய் முறத்தை எடுத்துக்கொண்டு கம்பு புடைக்க ஆரம்பித்தார்.

களியைப் பார்த்த நாச்சிமுத்துவுக்குப் பரண் ஞாபகம் வந்தது. பிறகு மிச்சத்தைத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நேராக மேட்டுக்குப் போய்ப் பரணைப் பிரித்துப் போட்டார். இனிமேல் வராமல் எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டார்.

வரவில்லை.

நாளாக ஆக மேற்குப் பாதி மொட்டையாகிக்கொண்டு வந்தது. இருந்ததே கொஞ்சம். தின்னத் தின்னத் துளிர்ப்பதற்குள் அடுத்த கடி. கிழக்குப் பாதியில் கொள்ளு முழங்காலுக்கு வளர்ந்து, ஒரு வாய் படாமல் நின்றது. புரட்டாசியில் ஒரு காலை ராக்கியப்பன் ஏறி வந்தார். இந்தத் தடவையும் உட்காரவில்லை.

"எறங்கிருச்சுங்க சாமியம்மா. கடலைக்காட்டு ஓரத்துல ரண்டு பாத்தி காலி. இன்னைக்குக் கம்பிக்கு முளைக்குச்சி அடிக்கறோம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"செரிங்க" என்றார் சாமியம்மா.

ராக்கியப்பன் இறங்கிப் போனார். சென்னிமலை முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு அழுதான். நாச்சிமுத்து அசையாமல் நின்றார். அவன் அந்தப் பக்கம் போனதும் சாமியம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"அம்மா, ஒண்ணு சொல்றனுங்க. தலைவர் வந்து சொன்னாரில்லீங்களா..."

"ஆமா."

"கேட்டதும் எனக்குச் சந்தோசமா இருந்துச்சுங்க."

சாமியம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"அவனோடதும் ஒண்ணுமில்லாமப் போச்சேன்னு. மானு சாகுமேன்னு அப்புறந்தான் தோணுச்சுங்க. அப்புறந்தான்."

"ஊருக்குப் போயிட்டு வாங்கண்ணா."

"எதுக்குங்க?"

"நீங்க காவல் இருந்தவரு. மான் வர்ற தடம் எதுன்னு அவிங்களுக்குத் தெரியாது. கேட்டா காட்டுங்க."

"கம்பி கட்டறதுக்கா?"

"கேட்டா காட்டுங்க. பொய் சொல்ல வேண்டாம்."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. தண்டனையா, சோதனையா என்றும் புரியவில்லை. கேட்டால் அந்த அம்மாள் சொல்லப் போவதுமில்லை. இறங்கிப் போனார்.

ராக்கியப்பன் கம்பிச்சுருளோடும் முளைக்குச்சிகளோடும் நின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்கண்ணா. எந்த வழியா வருதுன்னு சித்த காட்டுங்க. காடு பூரா சுத்திக் கட்டக் கம்பி பத்தாதுங்க."

நாச்சிமுத்து குனிந்தார். கண் தானாகவே தேடியது. கடலைப் பாத்தியிலிருந்து குளம்படியைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தார். ராக்கியப்பன் ஒரு முளைக்குச்சியும் சுத்தியலுமாகப் பின்னால் வந்தார். தடம் வேலியோரப் புதருக்குள்ளேயே ஏறியது. வளைந்தது. மறுபடி ஏறியது. எதிரே பச்சையாக ஏதோ தெரிய, நாச்சிமுத்து நிமிர்ந்தார். அவருடைய கொள்ளு.

தடம் அவருடைய பாதியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கீழ் ஓரம் முழுக்க, அவர் அடுக்கிய கல்வரப்புக்கு வெளியே, முள் மறைவில். வரப்பைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் கொள்ளு வாய்க்கு எட்டும். ஒரு குளம்புகூட உள்ளே விழுந்திருக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் அடிகள் கொள்ளுப் பக்கம் திரும்பி, ஆழமாகப் பதிந்திருந்தன. பெட்டை மான். வெகுநேரம் நின்றிருக்கிறது. பக்கத்திலேயே கட்டைவிரல் அகலத்துக்குக் குட்டியின் அடி. நின்று பார்த்துவிட்டு, இரண்டும் ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டன.

நாச்சிமுத்து அங்கேயே குந்தினார். அந்த உயரத்திலிருந்து, குட்டி நின்ற இடத்திலிருந்து, தன் பாதியைப் பார்த்தார். வெட்டவெளி. ஒளிய ஒரு புதர் இல்லை, பதுங்க ஒரு மறைவு இல்லை. எந்த மூலையில் நின்றாலும் நாயோ ஆளோ பார்த்துவிடும்.

காவலுக்குப் போகிறவனுக்கு முதலில் சொல்லித் தருவது அதுதான். சுற்றிலும் புதரை எடு. மறைவு இல்லாத இடத்தில் மான் கால் வைக்காது. அவர் மானுக்கென்று விதைத்த நிலத்தை, வாலிபத்தில் கற்ற வித்தையெல்லாம் இறக்கி, மான் வராத நிலமாகச் செய்து வைத்திருந்தார்.

"இங்கதானுங்களா? அடிச்சிரட்டுமா?" ராக்கியப்பன் முளைக்குச்சியை அந்தக் குட்டியடிக்குப் பக்கத்தில் ஊன்றினார்.

"பொறுங்க."

"இனி என்னத்தப் பொறுக்கறதுங்க?"

"வர்ற சந்தை வரைக்கும்."

"சாமியம்மாவே செரின்னு சொல்லிட்டாங்களே."

"அவிங்க சொன்னாங்க. நான் கேக்கறனுங்க." நாச்சிமுத்து இரண்டு கையையும் கூப்பினார். "எனக்காகப் பொறுங்க தலைவரே. என்னோட தப்பு ஒண்ணு இருக்குது. அதுக்கு மானு சாகக் கூடாது."

ராக்கியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முளைக்குச்சியைப் பிடுங்கினார்.

"சந்தை வரைக்கும். அதுக்கு மேல ஊரு கேக்காதுங்கண்ணா."

வழி தெரிந்துவிட்டது. ஆனால் புதர் வேண்டுமே. தன்னுடையதை அவர் வேரோடு கெல்லி எரித்தாயிற்று. ஓரத்து முள்ளை வெட்டினால் மான் வரும் வழியே மறைவில்லாமல் போய்விடும்; வேறு புதர் இருப்பது மேற்குப் பாதியில்தான். அதற்குச் சென்னிமலையிடம் கேட்க வேண்டும். ஒற்றையடித் தடத்தின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு நாச்சிமுத்து பட்ட பாடு கொஞ்சமில்லை. தொண்டையைச் செருமினார். போனார். திரும்பினார். மறுபடி போனார்.

"சென்னிமலை."

"சொல்லுங்கண்ணா."

"உன்ர பொதருல பாதி எனக்கு வேணும்."

"எடுத்துக்குங்கண்ணா. எனக்கு வெட்டத் தெரியாமத்தானே விட்டு வெச்சிருக்கறேன்."

அதைக் கேட்டு நாச்சிமுத்துவுக்கு இன்னும் வேகாளம் ஏறியது. அவன் கெட்டிக்காரத்தனத்தால் ஜெயித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். தெரியாமல் ஜெயித்தவனை எப்படிப் பொறுப்பது?

ஆனாலும் இரண்டு பேரும் வெட்டினார்கள். உண்ணிச்செடியையும் முள் கொப்பையும் இழுத்துக்கொண்டு கிழக்குப் பாதிக்குள் நுழைந்தார்கள். காலடியில் கொள்ளு நசுங்கியது.

"அண்ணா, பயிரு போகுதுங்களே! எவ்வளவு அழகா வளத்தீங்க!"

"மிதிடா" என்றார் நாச்சிமுத்து. அவரும் மிதித்தார்.

குழி தோண்டிக் கொப்புகளை நட்டார்கள். மேலிருந்து கீழே வரைக்கும் அங்கங்கே திட்டுத் திட்டாக, ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்கு ஒரு தாவலில் போகிற மாதிரி. கல்வரப்பையும் இரண்டு இடத்தில் கலைத்துவிட்டார்கள். முடித்தபோது அந்த நிலம் பார்க்கச் சகிக்கவில்லை. சொந்த ஊரில் யாராவது பார்த்தால் நாச்சிமுத்துவின் நிலம் என்று நம்ப மாட்டார்கள்.

"இனி இந்தப் பக்கமே வரக் கூடாது. நீயும்தான், நானுந்தான்."

"மான் வந்துச்சான்னு எப்படித் தெரியுமுங்கண்ணா?"

"கடலைக்காட்டுல தெரியும்."

கொட்டகைக்குள் அடைந்து கிடந்த அந்த நாள்கள் அவருக்கு நரகம். எழுந்திருப்பார், வாசல் வரைக்கும் போவார், திரும்பி வந்து உட்காருவார். சந்தையன்று ராக்கியப்பன் வரவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் வரவில்லை. ஐப்பசியில் ஒரு நாள் வந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

"கடலையில வாய் வைக்கலீங்க சாமியம்மா. அதுக்கப்புறம் ஒண்ணுகூட எறங்கலீங்க. கம்பியத் திருப்பிக் குடுத்துட்டோம்."

அப்போதுதான் நாச்சிமுத்து மேட்டுக்கு ஓடினார். கொள்ளு முழங்காலுக்குக் கீழே போயிருந்தது. தட்டைப்பயறில் இலையே இல்லை, தண்டு மட்டும் நின்றது. புதரைச் சுற்றி மண்ணெல்லாம் குளம்படி, பெரிதும் சிறிதுமாக. நாச்சிமுத்து அதற்கு நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அழிந்து கிடந்த பயிரைப் பார்த்துச் சிரித்தவரும் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

கடலை பிடுங்கி முடிந்ததும் கார்த்திகையில் ஊரே திரண்டு மேட்டுக்கு வந்தது. தேங்காய், பழம், புதுக்கடலை ஒரு மூட்டை. நாச்சிமுத்து வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். ராக்கியப்பன் கையில் மாலையும் புதுத்துண்டும் இருந்தன.

அவர் நேராகச் சென்னிமலையிடம் போனார்.

ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆவணியிலிருந்து கீழே இருந்து பார்த்தவர்களுக்கு, மான் வருவது பனியன் கம்பெனிக்காரர் பக்கம். புதர் வைத்தால் மான் வரும் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். பிறகு இந்தப் பக்கமும் அதே மாதிரி புதர் வந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் எல்லாம் அவர் வேலைதானே.

"எனக்கு எதுக்குங்க? எல்லாம் அண்ணா செஞ்சதுங்க" என்று சென்னிமலை பதறினான்.

"பாருங்க, என்ன ஒரு தன்மையான மனுசன்" என்று ஊர் உருகியது. மாலையோடு துண்டும் விழுந்தது. யாரோ அவனைத் தோளில் தூக்கினார்கள்.

நாச்சிமுத்துவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கிடைத்தது.

கூட்டம் இறங்கிப் போனது. சென்னிமலையையும் சாப்பாட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சாமியம்மா வந்த கடலையை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பழத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கு இன்னும் வயிறு எரியுதுங்கம்மா."

"ம்."

"அவன் மேல தப்பு இல்லீங்க. தெரியுது. தெரிஞ்சும் எரியுது."

சாமியம்மா ஒரு சொத்தைக் கடலையைப் பொறுக்கி எறிந்தார்.

"வெதச்சது நானு. அழிச்சதும் நானு. ஊர்த்தலைவர் கால்ல விழாத கொறையாக் கேட்டதும் நானு. ரண்டு மாசமா அதுக தின்னது பூரா என்ர கொள்ளுங்கம்மா."

"ஆமாங்கண்ணா."

"ஒருத்தருக்கும் தெரியலீங்களே!"

"மானுக்கே தெரியாதுங்கண்ணா" என்றார் சாமியம்மா. "அதுக்குப் பசி ஆறிருச்சு. அவ்வளவுதான் தெரியும்."